உப்புத் தீர்த்தம்

மாட்டுப் பொங்கலன்று எங்கள் மாதா கோயில் வாசலில் பங்குச்சாமியார் மாடுகளை மந்திரித்துக்கொண்டிருந்தார். வர்ணம் பூசிய கொம்புகளுக்கு நடுவே, பட்டுவேட்டியும் ஹெல்மெட்டுமாக ஒருவர் வாளியோடு நின்றார். உள்ளே மண்புழுக்கள். அடிக்கடி மூடியைத் திறந்து, “இதோ ஆச்சு, ஆச்சு” என்று அவற்றைச் சமாதானப்படுத்தினார்.

“இதுங்கதான் சாமி நம்ம மாடித் தோட்டத்த உழுவுதுங்க” என்றார்.

சாமியார் சிரித்தபடி தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார். மனிதர் சட்டென்று வாளியை மூடினார்.

“தீர்த்தத்துல உப்பு போட்டிருக்கீங்களா சாமி?”

“போட்டுத்தான் மந்திரிச்சேன்.”

“அய்யோ, உப்பு பட்டா செத்துப்போயிடும். சிலுவை மட்டும் போடுங்க.”

“தீர்த்தத்து மேல நம்பிக்கை இல்லியா?”

“எனக்கு இருக்குது சாமி. இதுங்க இன்னும் ஞானஸ்நானம் வாங்கலியே!”

சாமியார் வாளிக்குச் சிலுவை போட்டார். வாளிக்காக ஓங்கிய கையிலிருந்த தீர்த்தம் பக்கத்தில் நின்ற என் முகத்தில் விழுந்தது.

நான் ஞானஸ்நானம் வாங்கியவன்தான். ஆனாலும் அன்றிலிருந்து தீர்த்தம் தொட்டால் நெற்றி லேசாக எரிகிறது.