அக்கா துவைத்த லைஃப் ஜாக்கெட்

என் அத்தானுக்கு அவர் கம்பெனியில் 'கயிறு' என்று பெயர். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. லிஃப்ட் மெக்கானிக்கான அவர் ஸ்பானரை இடுப்பிலும், டார்ச்சை மணிக்கட்டிலும், கண்ணாடியைக் கழுத்திலும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு இறங்குவார். விழக்கூடிய பொருள் எதுவும் கட்டாமல் கிடந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. என் அக்காவையும் அதனால்தான் கட்டிக்கொண்டீர்களா என்று ஒருமுறை கேட்டேன். அவர் சிரிக்கவே இல்லை. உன் அக்கா விழுகிற ஆள் இல்லை, மற்றவர்களைத் தாங்குகிற ஆள் என்றார். மச்சினி கேலி செய்தால் பதிலுக்குக் கேலி செய்ய வேண்டும் என்ற நாகரிகம்கூடத் தெரியாத மனிதர்.

நாமெல்லாம் லிஃப்டுக்குள் நின்று பட்டனை அமுக்குகிறோம். அவர் அதற்கு வெளியே, அது ஏறி இறங்கும் இருட்டில் பாதி ஆயுளைக் கழித்தவர். நாலு பக்கமும் சுவர், கிரீஸ் வாசனை, தலைக்கு மேல் எங்கேயோ முனகிக்கொண்டிருக்கும் கம்பிக் கயிறு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எப்போதும் இரண்டு பேராகத்தான் இறங்குவார்கள். இறங்குவதற்கு முன் ஒருவரின் பாதுகாப்பு பெல்ட்டை மற்றவர் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். மேனேஜரே வந்து நின்றாலும் அத்தான் இழுக்காமல் விடமாட்டார். அதற்காக யாரும் முகம் சுளிப்பதில்லை.

வாரம் முழுக்க மேலும் கீழும் போய் வருகிறவருக்கு, ஒரு நாளாவது எந்த மாடியும் இல்லாத இடம் வேண்டியிருந்தது போலிருக்கிறது. ஊருக்கு வெளியே இருந்த ஏரிக்குப் போகத் தொடங்கினார். கயாக் ஒன்று வாங்கினார். ஒரே ஒரு ஆள் காலை நீட்டி உட்காரக்கூடிய குறுகலான பிளாஸ்டிக் படகு, இரண்டு முனையிலும் இலை வைத்த துடுப்பு. மீன் பிடிக்கப் போகிறேன் என்று பேர். பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருவார். அப்புறம் அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டபோது, வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். விடிகிற நேரத்தில் ஏரிக்குள் போனால் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதாம். துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் படகு தானாக மெல்லத் திரும்புமாம். கரை திரும்புகிறதா, நாம் திரும்புகிறோமா என்று கொஞ்ச நேரத்துக்குப் புரியாதாம். தூண்டில் நூல் தண்ணீரைத் தொடும் இடத்தில் ஒரு சின்ன வளையம் எழுந்து, பெரிதாகிப் பெரிதாகிக் காணாமல் போகுமாம். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். சொல்லும்போது அவர் கண் எங்கேயோ இருந்தது. பொறாமையாக இருந்தது எனக்கு.

ஆனால் கனவு காணப் போகிற இடத்துக்கும் கயிற்றோடுதான் போவார். துடுப்புக்கு ஒரு கயிறு, தூண்டிலுக்கு ஒரு கயிறு. சிக்கிய நூலை அறுக்கச் சின்னக் கத்தி, போனுக்குத் தண்ணீர் புகாத பை, தூரத்திலிருந்து தெரிய ஒரு கொடி. ஒரு மழை நாளில் ஏரிக்குப் போக முடியாமல் என்னை உட்கார வைத்து, காது புளிக்கும்வரை விளக்கினார். படகு கவிழ்ந்தால் பெட்டிக்குள் வைத்ததெல்லாம் படகோடு போய்விடும், அதனால் உயிர் காக்கிற சாமான் உடம்பில்தான் இருக்க வேண்டும் என்றார். எனக்கும் அக்காவுக்கும்கூட ஆளுக்கொரு விசில் கொடுத்தார். நீளமாக ஒன்று ஊதினால் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அர்த்தம், குட்டி குட்டியாக மூன்று ஊதினால் ஆபத்து. ஏரிக்கே வராத எங்களுக்கு எதற்கு விசில்? என்னுடையதை சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டரியில் வேலை பார்க்கிறாள். கறைக்கும் அவளுக்கும் ஜென்மப் பகை. ஒயின் கறை, மை கறை, லிப்ஸ்டிக் கறை எல்லாம் அவள் கைபட்டால் அடங்கிவிடும். வீட்டிலும் அதே கைதான். அத்தான் விடிவதற்கு முன் எழுந்து, விளக்குகூடப் போடாமல், அவள் மடித்து வைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு போவார். காஸ் அடுப்பை இரண்டு முறை தொட்டுப் பார்ப்பவர், பூட்டிய கதவைத் திரும்பி வந்து தள்ளிப் பார்ப்பவர், அவள் கொடுத்த சட்டையை மட்டும் ஒருநாளும் உதறிப் பார்த்ததில்லை.

லைஃப் ஜாக்கெட்டும் அவள் வாங்கிக் கொடுத்ததுதான். முதலில் அவரிடம் இருந்தது ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு மெத்தை போன்ற பழைய ஜாக்கெட். தூண்டிலை வீசும்போது தோளில் உரசிப் புண்ணாக்கியது. அதைப் பார்த்துப் பொறுக்காமல் அக்கா புது மாதிரி ஒன்றைத் தேடி வாங்கினாள். கழுத்திலிருந்து இரண்டு பட்டையாகத் தொங்கும், மெல்லியது, போட்டிருப்பதே தெரியாது. தண்ணீரில் விழுந்தால் உள்ளே இருக்கும் மாத்திரை கரைந்து, குட்டி சிலிண்டர் திறந்து, காற்று நிரம்பித் தானாக ஊதிக்கொள்ளும். இதைத் துவைக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும் என்று அத்தான் சொல்லியிருந்தார். தண்ணீரில் போட்டுக்கொள்கிற சட்டையைத் தண்ணீரில் நனைக்கக் கூடாதாம் என்று அக்கா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு எனக்கு அக்கா வீட்டில்தான். அன்றைக்கும் போனேன். ஜன்னலுக்கு வெளியே பனி, எதிர் வீட்டு மாடி தெரியவில்லை. அத்தான் ஏரிக்குப் போய்விட்டிருந்தார். அக்கா வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டே, நேற்று நடந்த கூத்தைச் சொன்னாள். ஜாக்கெட்டில் மீன் நாற்றம் தாங்க முடியவில்லையாம். யாருக்குத் தெரியப் போகிறது என்று சோப்புத் தண்ணீர் வாளியில் முக்கினாளாம். இரண்டு தேய்ப்பு தேய்ப்பதற்குள் டப் என்று ஒரு சத்தம். ஜாக்கெட் பூதம் மாதிரி உப்பிக்கொண்டு வாளியை விட்டு எழுந்ததாம். இவள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கதவருகே போய் நின்றாளாம். துடைப்பத்தைப் பிடித்த மாதிரி கரண்டியைப் பிடித்துக் காட்டினாள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம் அதிலிருந்த குழாயை அழுத்திக் காற்றையெல்லாம் இறக்கி, காய வைத்து, முன்பு இருந்த மாதிரியே மடித்து மாட்டிவிட்டாளாம். அத்தானுக்குச் சந்தேகமே வராதாம்.

நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். பாதியில் அந்த மழை நாள் நினைவுக்கு வந்தது. ஒரு தடவைதான், அத்தான் சொல்லியிருந்தார். ஒரு தடவை ஊதிவிட்டால் சிலிண்டர் காலி. புது சிலிண்டரும் புது மாத்திரையும் போடும்வரை அது வெறும் துணி. மூடியைத் திறந்தால் சின்ன ஜன்னல் தெரியும், அது பச்சையாக இருந்தால் நல்லது, சிவப்பாக இருந்தால் போடவே கூடாது. வாயால் ஊதவும் குழாய் உண்டுதான். ஆனால் குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தவனுக்கு ஊத மூச்சு எங்கே இருக்கும் என்று அவரேதான் கேட்டார். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"அத்தான்கிட்ட சொன்னியா?"

"எங்க சொல்றது? நேத்து யாரோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்கன்னு போயிட்டு அசந்து வந்தார். காலையில நான் எந்திரிக்கிறதுக்குள்ள கிளம்பிட்டார்."

"அக்கா, அது ஒரு தடவைதான் ஊதும்."

அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் முகமே போதுமாக இருந்தது. அடுப்பை அணைத்தாள். கதவுக்குப் பின்னால் ஜாக்கெட் தொங்கும் ஆணியைப் பார்த்தாள். அதில் அவளுடைய விசில் மட்டும் இருந்தது. எதற்கும் கிளம்பும்போது பார்த்திருப்பார், எல்லாவற்றையும் பார்க்கிறவர்தானே என்று நான் சமாதானம் சொன்னேன்.

"நான் மடிச்சதை அவர் பார்க்கமாட்டார்" என்றாள்.

போன் போகவில்லை. ஏரிக்குள் போனால் டவர் கிடைக்காது. ஆணியிலிருந்த விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பரணிலிருந்து அந்தப் பழைய ஆரஞ்சு ஜாக்கெட்டை இழுத்துப் போட்டாள். ஸ்கூட்டரில் என்னைப் பிடித்துக்கொள்ளக் கை வேண்டும் என்று அதைத் தானே மாட்டிக்கொண்டாள். தெருவில் பேப்பர் வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கிளம்பினேன்.

ஏரி இல்லை. கரை இருந்தது, அத்தானின் வேன் இருந்தது, அதற்கு அப்பால் வெள்ளையாக ஒன்றுமே இல்லை. காலடியில் தண்ணீர் கூழாங்கல்லைத் தொட்டுத் தொட்டுப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. இவ்வளவு அமைதியான ஒரு இடத்தை நான் பார்த்ததில்லை. இப்போது யோசித்தால் அழகாகத்தான் இருந்தது. அப்போது எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ ஒரு மனிதர், துடுப்பைக் கட்டி, கத்தியைக் கட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நிம்மதியில், நூல் தண்ணீரைத் தொடும் இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

சாவிக்கொத்திலிருந்த விசிலை வாயில் வைத்தேன். அக்கா வெடுக்கென்று என் கையைப் பிடித்தாள்.

"மூணு ஊதாதே. நமக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு அடிச்சுப் பிடிச்சு வருவார். அந்த அவசரத்துலயே கவிழும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. அக்கா தன் விசிலை எடுத்து ஊதினாள். நீளமாக ஒன்று. நான் இங்கே இருக்கிறேன்.

பதில் இல்லை. மறுபடி ஊதினாள். பனி அந்தச் சத்தத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது. அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிற மாதிரி, முன்பைவிட மெதுவாக ஊதினாள்.

அப்போது வெகு தூரத்தில், எந்தத் திசை என்றே சொல்ல முடியாத ஒரு இடத்திலிருந்து, நீளமாக ஒன்று வந்தது.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா ஊதுவாள், காத்திருப்பாள். அவர் ஊதுவார். ஒருமுறை இடது பக்கமிருந்து, ஒருமுறை பின்னாலிருந்து வருவது போலக்கூட இருந்தது. நடுவில் ஒருமுறை பதில் வரத் தாமதமானது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. பிறகு வந்தது, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில். இருவரும் பேசிக்கொள்கிற மாதிரியே இருந்தது. வீட்டில்கூட இவர்கள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவளுக்கு மட்டும் தெரியும், அவர் நிதானமாகத்தான் துடுப்பு போடுகிறார் என்று. அவர் அவசரப்படாமல் இருப்பதற்கு அவள்தான் அவசரப்படாமல் ஊதினாள்.

முதலில் கொடி தெரிந்தது. பிறகு துடுப்பின் ஒரு முனை, மறு முனை. பிறகு அத்தான், வாய் கொள்ளாத சிரிப்போடு.

"ஆரஞ்சு கலர்ல என்னமோ தெரிஞ்சுது. சூரியன்தான் வந்துடுச்சோன்னு பார்த்தேன்."

தண்ணீர் என்றாலே பயந்து சாகிற என் அக்கா, செருப்போடு முழங்கால் ஆழத்துக்கு இறங்கினாள். ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் மார்பிலிருந்த மூடியைத் திறந்தாள். உள்ளே சிவப்பு. அத்தான் குனிந்து அதைப் பார்த்தார். வாளி, டப் என்ற சத்தம், மடித்து மாட்டியது எல்லாவற்றையும் அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் படகை விட்டு இறங்கி அவளுக்கு எதிரே நின்றார்.

"சோப்பு வாசனை வந்துச்சு" என்றார். "மாட்டும்போதே தெரிஞ்சுது, நீ துவைச்சிருக்கேன்னு."

"தெரிஞ்சுமா திறந்து பார்க்கல?"

"நீ மடிச்சு வெச்சிருந்தே."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அப்படியே தண்ணீரில் தள்ளியிருப்பேன். அக்கா அவர் மார்பில் ஒரு குத்து குத்தினாள். பிறகு அந்த ஈரப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினாள்.

"உங்க கூட இறங்குறவர் பெல்ட்டை இழுத்துப் பார்க்கறீங்களே, அவர் மேல நம்பிக்கை இல்லாமலா பார்க்கறீங்க?"

"இல்ல."

"அப்ப என்னையும் பாருங்க. என்னை நம்பினதால நீங்க போயிட்டீங்கன்னா, அதுக்கப்புறம் நான் எப்படிங்க இருப்பேன்?"

அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலியான ஜாக்கெட்டைக் கழற்றிப் படகில் போட்டார். அக்கா மேலிருந்த பழைய ஆரஞ்சு ஜாக்கெட்டை அவிழ்த்து எடுத்தார். அதன் தையலைத் தடவிப் பார்த்தார், ஒவ்வொரு கொக்கியையும் அழுத்திப் பார்த்தார், அவள் கண் முன்னாலேயே, ஒன்றும் விடாமல். பிறகு மாட்டிக்கொண்டு, பெல்ட்டைப் பூட்டி, வேலைக்கு இறங்குமுன் நிற்கிற மாதிரி கையைச் சற்று விரித்து நின்றார்.

"இழுத்துப் பாரு" என்றார்.

அக்கா இழுத்தாள். இழுத்த இழுப்பில் அவர் ஒரு அடி முன்னால் தடுமாறி வந்தார். நன்றாகப் பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.