பிளாஸ்டர் மலைக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

ஹார்ட்மூட் கட்டிய மலையில் ஆணி இறங்காது. எங்கள் ஊரில் குட்டி மாதிரி ரயில்கள் ஓட்டும் சங்கத்தில் மற்றவர்கள் கம்பிவலையின் மேல் செய்தித்தாளையும் பசையையும் ஒட்டித்தான் மலை செய்வார்கள். ஹார்ட்மூட் வாழ்நாளெல்லாம் பல் செட் செய்து கொடுத்தவர். பல் அச்சுக்கு ஊற்றும் மஞ்சள் பிளாஸ்டரை, காய்ந்தால் கல்லாகிவிடும் சரக்கை, மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து மலையாக்கினார்.

"இது மலையா, கடவாப் பல்லா?" என்று சங்கத்து நண்பர் எவால்ட் கேட்பார்.

"எதுவா இருந்தா என்ன? சொத்தை விழாது, போ."

மலை இருந்தது அவர் வீட்டு நிலவறையின் பின்பக்க அறையில். எங்கள் தெருவில் வீடுகளின் முன்பக்கம் ஆற்றைப் பார்த்து இறங்கும், பின்பக்கம் தோட்டம் மேடாக ஏறும். அந்த அறைக்குத் தோட்டத்துப் பக்கம் கூரையை ஒட்டி ஒரே ஒரு ஜன்னல். அதன்மேல் பலகையை வைத்துத் திருகி, பலகையில் வானம் தீட்டினார். அந்த வானத்துக்கு முன்னால்தான் மலை எழுந்தது. அப்போதே அவர் மனைவி ரோஸ்விட்டா கேட்டார்.

"இருக்கறதே ஒரு ஜன்னல். அதயும் மூடணுமா?"

"வெயில் பட்டா வண்டியெல்லாம் நிறம் வெளுத்துடும்."

"வெயில் படாமலே நீ வெளுத்துட்டியே, அதுக்கு என்ன சொல்ற?"

மலைக்குள் தண்டவாளம் சுருள் சுருளாகக் கீழே இறங்கும். அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வெளியே தெரியாத நிலையம் ஒன்று. முறை வராத வண்டிகள் அங்கே காத்திருக்கும். குகைக்குள் ஒரு ரயில் போகும், மறுபக்கம் வேறொரு ரயில் வரும். பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஹார்ட்மூட்டின் நல்ல எஞ்சின்கள் எல்லாம் அந்த இருட்டில்தான் நின்றன.

அந்த ஜூலை மாதம் மழை விடவே இல்லை. ஒரு பிற்பகலில், துணி துவைக்கும் மூலையிலிருந்த சாக்கடை வாயிலிருந்து தண்ணீர் மேலே கொப்பளித்தது. ஹார்ட்மூட் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கீழே போனார். சலவைக் கூடை நிறைய எஞ்சின்களை மேலே கொண்டுவந்து வைத்தார்.

"போதும், வா!" என்றார் ரோஸ்விட்டா.

"இன்னும் ஒரு கூடைதான்."

அவர் மலைக்கடியில் குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது, தெருவில் வந்த வெள்ளம் முன்பக்க நிலவறை ஜன்னலை உடைத்துக்கொண்டு நடைக்குள் பாய்ந்தது. ரயில் அறையின் கதவு நடைப்பக்கம் திறப்பது. தண்ணீர் அதை அறைந்து சாத்தியது. உள்ளிருந்து அவர் தள்ளினார். ரோஸ்விட்டா இடுப்பளவு தண்ணீரில் நின்று கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு அசையவில்லை. அந்த அலறல் பக்கத்து வீட்டு மாடியில் இருந்த எனக்குக் கேட்டது.

"ஜன்னல்! தோட்டத்து ஜன்னல் வழியா வா!"

 "அங்க மலை இருக்கு" என்றார் ஹார்ட்மூட் உள்ளிருந்து.

"ஒடச்சுத் தொலைடா!"

நான் மண்வெட்டியோடு வேலியைத் தாண்டித் தோட்டத்துக்குப் போனபோது ரோஸ்விட்டா செங்கல்லால் கண்ணாடியை உடைத்துக்கொண்டிருந்தார். பலகையை நான் வெட்டினேன். வானம் இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பின்னால் மலையின் மஞ்சள் முதுகு. மண்வெட்டி பட்ட இடத்தில் வெள்ளைக் கீறல் விழுந்தது, அவ்வளவுதான். உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நின்றபோதெல்லாம் ரோஸ்விட்டா அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார். மறுபடி சத்தம் வரும். ஒவ்வொரு தடவையும் அடி இன்னும் மெதுவாக விழுந்தது.

"தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று நான் கேட்டேன்.

"மேசைமேல நிக்கறேன். முட்டி வரைக்கும்."

கடைசியில் குகை வாய்க்கு மேலே, பிளாஸ்டர் மெலிந்திருந்த இடத்தில், ஒரு துண்டு பெயர்ந்தது. அந்த ஓட்டையில் நெற்றி விளக்கு தெரிந்தது, பிறகு இடது கை. ரோஸ்விட்டா ஜன்னல் விளிம்பில் குப்புறப் படுத்து அந்தக் கையைப் பிடித்தார். நான் ரோஸ்விட்டாவின் கால்களைப் பிடித்துக்கொண்டேன். ஹார்ட்மூட்டின் தோள் ஓட்டையில் சிக்கியது.

"இன்னொரு கையக் குடு!"

"வரல."

"மாட்டிக்கிச்சா?"

 தண்ணீர் மலையில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஹார்ட்மூட். அந்தக் கைல என்ன வச்சிருக்க?"

"பச்ச எஞ்சின்" என்றார். திட்டு வாங்கப்போகும் பையனின் குரல் அது.

ரோஸ்விட்டா கத்தவில்லை. அதுவரை கத்திக்கொண்டே இருந்தவர், பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்: "அப்ப அதயே புடிச்சுக்கோ. நான் விட்டுடறேன்."

விரல்களை விரித்தார். விளக்கு சட்டென்று கீழே சரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏதோ சின்னதாகத் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. திறந்து பார்த்தபோது ஓட்டையில் இரண்டு கைகள் இருந்தன. ரோஸ்விட்டா உடம்பு முழுவதையும் ஜன்னலுக்குள் தள்ளி அவற்றைப் பிடித்தார். சட்டத்தில் மிஞ்சியிருந்த கண்ணாடி அவர் வலது உள்ளங்கையைக் கிழித்தது. கை முழுக்க ரத்தம், பிடி வழுக்கியது. வழுக்கிய பிடியிலேயே இழுத்தோம். தோள் தோல் உரிந்து ஹார்ட்மூட் ஈரப்புல்லில் வந்து விழுந்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு சங்கத்துக்காரர்கள் மண்வாரிகளோடு வந்தார்கள். அட்டை வீடுகள், மரங்கள், ஊர் எல்லாம் கரைந்து சேறாகிக் கிடந்தன. மலை மட்டும் அந்த ஒரு ஓட்டையோடு நின்றது. எவால்ட் அதை விரலால் தட்டிப் பார்த்தார். இடிக்கும் இயந்திரம் கொண்டுவர வேண்டியிருந்தது. அடிநிலையத்துச் சேற்றில் பச்சை எஞ்சின் கிடைத்தது. எவால்ட் அதைக் கழுவிச் சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்.

ரோஸ்விட்டாவின் உள்ளங்கையில் நரம்பைத் தைத்தார்கள். ஆனாலும் இரண்டு விரல்கள் மடங்கவில்லை, இனி மடங்காது என்கிறார்கள். கட்டு மாற்ற நான் போகும் மாலைகளில், ஹார்ட்மூட் ரோஸ்விட்டாவின் ரொட்டியில் ஈரல் மசியலைத் தடவித் துண்டு போட்டுக்கொண்டிருப்பார். எஞ்சின் இருக்கும் பக்கம் இருவரும் பார்ப்பதில்லை.

"ரொம்பச் சின்னதா வெட்டாத. எனக்குப் பல்லு இருக்கு" என்றார் ரோஸ்விட்டா ஒருநாள்.

ஹார்ட்மூட் கத்தியை வைத்துவிட்டார். "அன்னிக்கு நெஜமாவே விட்டுட்டியா?"

"ஆமா" என்றார் ரோஸ்விட்டா. "ரொட்டிய வெட்டு."