அம்மா நிறுத்தாத வானொலி

எங்கள் அம்மாவை வழியனுப்ப வந்தவர்களுக்கும், வர முடியாமல் தூர தேசங்களில் இருந்து அழுதவர்களுக்கும் அவருடைய குணத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஓயாமல் பாடிக்கொண்டிருந்த வானொலியைப் பற்றிப் பலரும் பலவிதமாகக் கதைத்தீர்கள். அதற்கு மகள் என்ற முறையில் நான்தான் பதில் எழுத வேண்டும்.

அம்மா சம்பூரில் பிறந்தவர். பாட்டுப் படித்தவரும் அல்லர், நாலு பேர் முன்னால் பாடியவரும் அல்லர். கேட்பதில்தான் அவருக்குப் பைத்தியம். கலியாண வீடுகளில் எல்லோரும் பந்திக்கு ஓடும்போது அவர் மேளகாரருக்குப் பக்கத்திலேயே இருப்பார். "உங்கட அம்மாவுக்குச் சோறு வேண்டாம், தவிலுக்குப் பக்கத்தில ஒரு கதிரை போட்டால் காணும்" என்று அப்பா எங்களிடம் பகிடி பண்ணுவார்.

அந்த அப்பாதான் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் அம்மாவுக்கு ஒரு கசெற் ரேடியோ வாங்கிக் கொடுத்தார். திருவிழாக் காலத்தில் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு கோயில் மணலில் இருந்து மேளக் கச்சேரியைப் பதிவு செய்வார். ஒரு நாடாவில் நாதஸ்வரத்துக்கு நடுவே சின்னம்மா இருமுவார். அந்த இருமல் வரும் இடமும் அம்மாவுக்குப் பாடம். என் தம்பிக்கும் இந்தப் பைத்தியம் தொற்றியிருந்தது. இருவரும் நாடாவைச் சுற்றிச் சுற்றிக் கேட்டு, யாருடைய வாசிப்பு நல்லது என்று சண்டை பிடிப்பார்கள்.

நாட்டு நிலைமை மோசமாக இருந்த காலத்தில், ஒரு காலை தம்பி சைக்கிளில் சீனன்குடாவுக்கு வேலைக்குப் போனான். திரும்பி வரவில்லை. முகாம், அலுவலகம், சாத்திரகாரர் வீடு என்று அம்மாவும் அப்பாவும் ஏறாத படி இல்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை.

சில மாதங்களில் சொந்தக்காரர் நம்பிக்கையை விட்டுவிட்டார்கள். மாமா ஒரு நாள் வந்து, வீட்டில் பாட்டுப் போவதைக் கேட்டு முகம் சுளித்தார்.

"அக்கா, இது என்ன வேலை? அயலட்டை என்ன நினைக்கும்?"

"செத்த வீட்டிலதானே பாட்டை நிப்பாட்டுறது?" என்றார் அம்மா. "இது செத்த வீடில்ல."

அன்று முதல் எங்கள் வீட்டில் வானொலி விடிந்தது முதல் படுக்கும் வரை பாடியது. கரண்ட் இல்லாவிட்டால் பற்றரியில் பாடியது. அப்பா காலமானபோதும் பாடியது. ஊர் வழக்கம் தெரியாதவர் அல்லர் அம்மா. முற்றத்தில் பறை முழங்க, அவர் வானொலியை அடுப்படிக்குள் கொண்டுபோய் மெல்லிய சத்தத்தில் பாட விட்டார். "அவர் போயிட்டார், அழுறன். பிள்ளைக்கு இன்னும் ஒண்டும் நடக்கேல்ல" என்றார். அதற்காகக் கோபித்துக்கொண்டு எங்கள் வீட்டில் தண்ணீரும் குடிக்காமல் போனவர்கள் இந்த நினைவு மலரை வாசிப்பவர்களிலும் இருக்கிறீர்கள்.

ஆனால் அந்தப் பாட்டுகளை அம்மா கேட்கவில்லை என்பதுதான் கொடுமை. ஒரு நாள், "இப்ப என்ன பாட்டம்மா போகுது?" என்று கேட்டேன். "தெரியாது பிள்ளை. நான் கேக்கிறேல்ல. அது போகட்டும்" என்றார். திருவிழாவுக்குக் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனேன். நல்ல தவில்காரர் வந்திருந்தார். அம்மா பாதியில் எழும்பிவிட்டார். "வெறும் சத்தமாக் கிடக்கு, வீட்ட போவம்" என்றார். பிள்ளையைக் கொண்டுபோன காலம், அம்மாவிடம் இருந்த இசையையும் கூடவே கொண்டுபோய்விட்டது. இரண்டும் திரும்பவில்லை.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட, அம்மாவை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். வானொலியைக் கட்டிலோரம் வைத்தேன். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ரேடியோவை நிப்பாட்டு."

நான் சத்தத்தைக் குறைத்தேன்.

"குறைக்கச் சொல்லேல்ல. நிப்பாட்டச் சொன்னனான்."

நிறுத்தினேன். அம்மா அதன் பிறகு தம்பியின் பெயரைச் சொல்லவில்லை. முகத்தில் ஓர் அமைதி வந்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் வரவில்லை. களைத்துப்போய்க் கிடந்தார். இரண்டொரு நாளில் போய்விட்டார்.

அம்மாவைக் கடைசிவரை பார்த்த வைத்தியர்கள், தாதியர், செத்த வீட்டில் ஓடியாடி உதவிய உறவுகள், மாதம் முழுவதும் தங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தை அடக்கி வைத்து, எங்களுக்குக் கஞ்சியும் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, எங்கள் கிண்ணியா ராத்தா, எல்லோருக்கும் எங்கள் நன்றி.

மரண அறிவித்தலை எழுதும்போது மாமாவின் பேனை தம்பியின் பெயரடியில் நின்றது. அப்பாவின் அறிவித்தலில் அம்மா அவன் பெயரை, உயிரோடு இருப்பவர்களுடையதைப் போல, வெறும் பெயராகவே போடச் சொல்லியிருந்தார். "என்ன பிள்ளை செய்வம்?" என்று மாமா கேட்டார். "அம்மா நிப்பாட்டச் சொல்லிட்டா, மாமா" என்றேன். மாமா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார்.

ஆகவே இம்மலரின் முதற் பக்கத்தில் தம்பியின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று இருப்பது அச்சுப் பிழை அல்ல. இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் அம்மாவுக்கு வைக்கும் பிண்டத்தோடு அவனுக்கும் ஒன்று வைக்கிறோம்.

மகள்