சித்தப்பாவுக்குத் தெருவே சோறு போட்டது

பிள்ளைகளா, உங்கள் சித்தப்பா இன்று தறியில் உட்கார்ந்தால் எழுப்புவதுதான் கஷ்டம். இரண்டு வருடத்துக்கு முன்பு பத்து நிமிடம்கூட உட்கார மாட்டார். தூக்கமில்லாமல், காதில் யாரோ பேசுகிறார்கள் என்று அலைந்தார். திண்டுக்கல்லில் மனநல டாக்டர் கொடுத்த மாத்திரைதான் அவரை மீட்டது.

ஆனால் அந்த மாத்திரை பசியையும் கூட்டிக்கொண்டு வந்தது. ஆறு மாதத்தில் பதினோரு கிலோ ஏறினார். "எடையும் சர்க்கரையும் இப்படியே ஏறினா மாத்திரையை மாத்த வேண்டியிருக்கும். புதுசு இதே மாதிரி கேக்குமான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

என் புத்திதான் உங்களுக்குத் தெரியுமே. வீட்டில் சோற்றைக் குறைத்தேன். மிக்சர் டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்கு நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. சித்தப்பா சண்டை போடவில்லை. தெருவில் இறங்கிவிட்டார். சின்னாளப்பட்டியில் நம் தெருக்காரர்கள் வாயில் முதலில் வருவதே "சாப்டியா?" தானே.

"சாப்டேன்னு சொல்ல வேண்டியதுதானே அப்பு?" என்று கேட்டேன்.

"சொன்னேண்ணே. இட்லிதான சாப்டே, இந்தா தோசைன்னு தட்டு வைக்கிறாக."

உடனே வீடு வீடாகப் போய், "அவனுக்கு ஒண்ணும் குடுக்காதீக" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் பெரிய தப்பு. அண்ணன்காரன் தம்பியைப் பட்டினி போடுகிறான் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. எதிர்வீட்டு அத்தை பொங்கலோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏலே, கூடப்பொறந்தவனுக்கு ஒரு வாய் சோறு போட ஒனக்கு அம்புட்டு வலிக்குதா?"

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் மேடத்திடம் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டார். "பசி மாத்திரையால வருது, அவர் குத்தமில்ல. பட்டினி போடாதீங்க. தெருவையும் தடுக்காதீங்க. என்ன குடுக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

மறுபடியும் வீடு வீடாகப் படியேறி இறங்கினேன். ஒரு வீட்டில் சுண்டல், ஒரு வீட்டில் வெள்ளரிக்காய், ஒரு வீட்டில் மோர் என்று கேட்டுக்கொண்டேன். உங்கள் அம்மாவும் தட்டில் சோற்றைப் பாதியாக்கி, மீதியைக் கீரையும் அவரைக்காயுமாக நிரப்பினாள். அத்தை மட்டும் பொங்கலை விடவில்லை.

மூன்று மாதம் கழித்துப் போனோம். சித்தப்பாவுக்கு மூன்று கிலோ குறைந்திருந்தது, சர்க்கரையும் இறங்கியிருந்தது. டாக்டர் பழைய மாத்திரையையே எழுதினார். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, நீயும் எடை மெஷின்ல ஏறி நில்லு" என்றார் சித்தப்பா.

ஏறினேன். எப்போதும் எண்பதுக்குள் நிற்கும் முள் இப்போது அதைத் தாண்டிப் போய் நின்றது. பின்னே, அத்தை கொண்டுவந்த பொங்கலைத் திருப்பி அனுப்ப முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.