சேற்றில் தங்கிய திரவம்

ஈப்போவில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஓர் இரசாயனத்தைக் கழிவுநீர் நிலையத்துக் கசடிலும், ஆற்று நீரிலும், ஆற்றுச் சேற்றிலும் கலந்து வைப்போம். நுண்ணுயிர்கள் அதை எவ்வளவு வேகமாகத் தின்று தீர்க்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை.

சென்ற ஆண்டு ஒரு தொழிற்சாலை, தான் தயாரிக்கும் சலவைத் திரவத்தைச் சோதனைக்கு அனுப்பியது. சேறு எடுக்க சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, என் அக்கா குடியிருக்கும் பழைய தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டம். அந்தத் தொழிற்சாலையைத் தாண்டி வரும் ஆறுதான் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னாலும் ஓடுகிறது. முந்தின நாள் நல்ல மழை. கரையோரம் வெள்ளை நுரை ஒதுங்கியிருந்தது. அக்காவின் கணவர் வலையை உதறிக்கொண்டிருந்தார்.

“என்ன மச்சான் இது, இவ்வளவு நுரை?” என்றேன்.

“மழை பேஞ்சா இப்படித்தான் வரும். மறுநா தெளிஞ்சிரும்லா.”

காற்றூட்டிய கசடில் திரவம் சீக்கிரமே காணாமல் போனது. ஆற்று நீரில் மெல்லக் குறைந்தது. சேற்றில் மட்டும் அசையவே இல்லை. காற்றுப் புகாத அந்தக் கறுப்பில் மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. நம்பாமல் புதுச் சேறு எடுத்து மறுபடி செய்தேன்.

“அதேதானா?” என்று கேட்டார் மேலாளர்.

“அதேதான் மேடம். கழிவுநீர் நிலையம் வழியாப் போனா பிரச்சினை இல்ல. மழையில நேரா ஆத்துக்குப் போனா சேத்துல தங்கிடும்.”

அவர் எதையும் மறைக்கவில்லை. மூன்று முடிவுகளையும் அனுப்பினார். தொழிற்சாலை முதல் முடிவை எடுத்துக்கொண்டது. இப்போது புட்டியில் ‘எளிதில் மட்கும்’ என்று இருக்கிறது. அது பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

சோதனை முடிந்த வாரத்து ஞாயிறு அக்கா மீன் குழம்பு வைத்திருந்தாள். தட்டில் கை வைக்க முடியாமல், “மச்சான், இனிமே ஆத்துல மீன் பிடிக்காதீங்க,” என்றேன்.

“மீன்ல விஷம் இருக்கா?”

“தெரியல. ஃபேக்டரி சலவைத் திரவம் சேத்துல அழியுதா இல்லியான்னுதான் நாங்க பாத்தோம். மீனப் பாக்கல.”

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “தெரியாதுன்னா சும்மா இருக்க வேண்டியதுதானே? சாப்புடுற நேரத்துல வந்து வயித்தக் கலக்குற!”

மறுநாளே சுற்றுச்சூழல் துறையில் ஆற்று நுரையைப் பற்றிப் புகார் கொடுத்தேன். அதிகாரி ஒருவர் வெயில் காயும் நாளில் வந்தார். ஆறு தெளிந்து ஓடியது. தண்ணீரை மட்டும் எடுத்தார்.

“சேறும் எடுங்க சார்,” என்றேன்.

“நீங்க கம்ப்ளேன் பண்ணது நுரையப் பத்திதானே?” என்றார். தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது.

மச்சான் இப்போது மீன் பிடிக்க மோட்டார் சைக்கிளில் தூரத்து ஈயக்குட்டைக்கு, பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் நீர் தேங்கிய குட்டைக்கு, போகிறார். மற்றவர்கள் ஆற்றிலேயே பிடிக்கிறார்கள். போன வாரம் தோட்டத்துக்குப் போனபோது, அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண்மணி என்னை வாசலில் நிறுத்தினார். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே மீன் துள்ளியது.

“தம்பி, நீங்க லேப்ல இருக்கீங்களாமே. இத சாப்புடலாமா?”

மீனைப் பற்றி ஆதாரம் கேட்டால் என்னிடம் எதுவும் இல்லை. “வேணாம்க்கா,” என்றேன்.

பையைத் தூக்கி மீனைப் பார்த்தார். பிறகு பையோடு உள்ளே போய்விட்டார்.