படங்களில் நான் இல்லை

கழுவக் கொடுத்த தாய்லாந்துப் படங்களை வாங்க, இன்று பாபகூராவில் உள்ள ஸ்டூடியோவுக்குப் போனேன்.

எண்பத்து மூன்றில் யாழ்ப்பாணத்தை விட்டு நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்தபின் கிடைத்த முதல் விடுமுறை அது. முதுகில் ஒரு பையோடு ஊர் ஊராகச் சுற்றினேன்.

கவுன்டரில் இருந்த மலேசியத் தமிழ்ப் பெண் படங்களைப் புரட்டினார். பாங்காக் படகுகள், சியாங் மாய் சந்தை, வயலில் எருமை.

"என்னங்க, ஒரு படத்துலகூட நீங்க இல்லையே?"

"தனியத்தான் போனனான். எடுக்க ஆளில்லை."

"அங்க யாரையாச்சும் எடுக்கச் சொல்லியிருக்கலாமே?"

"எடுத்து ஆருக்குக் காட்டுறது?"

என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

அவர் படங்களை உறைக்குள் வைத்தார். பிறகு என் கமெராவில் புது பிலிம் போட்டு, என்னைக் கடை வாசலில் நிறுத்தினார்.

"சிரிங்க. நான் பாக்கணும்."

சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கண் கலங்கியதுகூடப் படத்தில் விழுந்திருக்கும்.

பிலிம் முடிந்தால்தான் கழுவக் கொடுக்கலாம். இதை வாசிக்கிற ஆக்லாந்துத் தமிழர்களே, ஞாயிற்றுக்கிழமை உங்களில் யாராவது வந்து கமெராவுக்கு முன்னால் நில்லுங்கோ. இல்லையென்றால் மிச்சம் முழுக்கச் செம்மறி ஆடுதான்.