நாலு பத்துக்கு வந்த கேள்வி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு உயிரோடு இருப்பவர்களே போதுமான பயம் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் இது நடந்தது, நம்பினால் நம்புங்கள்.

யுத்த காலம். கண்டியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கந்தோரில் எனக்கு வேலை. ராணுவச் சோதனைச் சாவடியில் நம் கந்தோர் ஆட்களைப் பிடித்தால், இவன் உங்களிடம்தான் வேலை செய்கிறானா என்று கந்தோருக்குப் போன் வரும். அதற்காக ஜாவாவில் ஒரு குட்டி சேர்வர் எழுதினேன். கீழே வரவேற்பு மேசையில் அடையாள அட்டை நம்பரை அடித்தால் அது சேர்வருக்கு வரும், சேர்வர் டேட்டாபேஸில் பார்த்து 'உண்டு' அல்லது 'இல்லை' என்று திருப்பி அனுப்பும். கேட்டதும் சொன்னதும் நேரக் குறிப்போடு என் திரையில் விழும், அவ்வளவுதான்.

என் பக்கத்துக் கதிரையில் குணசீலன், யாழ்ப்பாணத்துக்காரன். ஒருநாள் மனேஜர் என்னைக் கூப்பிட்டு, பெயர்ப் பட்டியலைப் பார்க்கப் பொலிஸ் ஆட்கள் வருகிறார்கள், யாழ்ப்பாண விலாசம் இருந்தால் நமக்கு வம்பு, அவன் பெயரைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துவிடு என்றார். எடுத்துவிட்டேன். வேலை போய்விடுமே என்ற பயம், வேறென்ன.

மறுநாள் அவன் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பும்போது கேட்டான். "அண்ணை, என்ர பேர் அதில இருக்குத்தானே?"

"இருக்குப்பா, நீ போ."

பேராதனைப் பக்கம் பஸ்ஸை மறித்து அவனை இறக்கினார்கள். நாலு பத்துக்குப் போன் வந்தது. கீழே இருந்த பெண் நம்பரை அடித்தாள், என் சேர்வர் 'இல்லை' என்றது. அந்த வரியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது, சொல்லவில்லை. குணசீலன் திரும்பி வரவேயில்லை.

அடுத்த நாள் நாலு பத்துக்கு அதே நம்பர் திரையில் வந்தது, 'இல்லை' என்று பதிலும் போனது. கீழே ஓடினேன். அந்தப் பெண் அன்று லீவு, கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. அதற்கடுத்த நாள் நெட்வொர்க் வயரையே பிடுங்கிவிட்டு உட்கார்ந்தேன். நாலு பத்து, அதே நம்பர். புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன், எண்பது வரிதான், எதுவும் ஒளிந்துகொள்ள அதில் இடமில்லை.

எட்டாம் நாள்தான், அதுவும் மனேஜர் கொழும்புக்குப் போயிருந்தபடியால், அவன் பெயரைத் திரும்பப் போட்டேன். நாலு பத்துக்குக் கேள்வி வந்தது. 'உண்டு' என்று போனது.

அதற்குப் பிறகு அது வரவேயில்லை. வந்ததைவிட, நின்றதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அவனுக்கு ஒரேயொரு 'உண்டு' போதுமாக இருந்திருக்கிறது. அந்த வரியைப் போட எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.